மூன்று ஏக்கரில் கல்லும் ஈயமும் இருக்கிறதாம், கையெழுத்துப் போடலாமா?

சட்ட ஆலோசனை: வாசகர் கேள்விக்கு வழக்கறிஞர் பதில்

பேராக், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டத்துச் சிற்றூரிலிருந்து 61 வயது வாசகர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியும் விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறோம்.

1960களில் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது அவருடைய அப்பா மூன்று ஏக்கர் ரப்பர் நிலம் வாங்கினார். அப்பாவும் பிறகு அம்மாவும் காலமாகிவிட்டார்கள். உயில் இல்லை. கிராண்டு (நில உரிமைப் பத்திரம்) இன்றும் அப்பா பெயரிலேயே இருக்கிறது. பிள்ளைகள் மூவர்: வாசகர், ஜொகூர் பாருவில் ஒரு தம்பி, காப்பாரில் ஒரு தங்கை. நிலத்தின் பின்பக்கம் கல் மேடு, ஓரத்தில் ஓர் ஓடை. இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு புரோக்கர் வந்து, “கல்லும் செம்மண்ணும் எடுத்துக்கொள்கிறோம், லோரிக்கு 8 ரிங்கிட், முன்பணம் 15,000” என்றிருக்கிறார். ஓடையில் கறுப்பு மணலை அள்ளிக் காட்டி, “இது ஈயம் (வெள்ளீயம்), ரேர் எர்த்தும் (அரிய மண் தனிமங்களும்) இருக்கலாம், கனிமம் தேட அரசாங்கமே பணம் தரும்” என்றும் சொல்லியிருக்கிறார். அதற்கு முதலில் ‘பெர்மிட் செலவு, ஜியாலஜிஸ்ட் டெஸ்ட்’ என்று 6,500 ரிங்கிட் கட்டி, பவர் ஆஃப் அட்டர்னியிலும் (தம் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம்) கையெழுத்திட வேண்டுமாம். வாசகர் இன்னும் பணம் கட்டவில்லை. ஆனால் ஐ.சி. (அடையாள அட்டை) நகலும் கிராண்டு நகலும் கொடுத்துவிட்டார். இன்னொரு கவலையும் உண்டு. வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் ஏற்கனவே ஒரு குவாரி ஓடுகிறது, சுவரில் விரிசல் விழுந்திருக்கிறது. புகார் செய்தால் தமக்குப் பெர்மிட் கிடைக்காமல் போகுமோ என்று பயப்படுகிறார்.

ஐயா, இப்போதைக்கு எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், ஒரு சென்னும் கொடுக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் சரியான தகவலும் தவறான நம்பிக்கையும் கலந்திருப்பதால், காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

கல் உங்களுடையதா?

“எங்கள் நிலத்துக் கல்லை நாங்கள் விற்க யாரைக் கேட்க வேண்டும்?” என்று எழுதியிருக்கிறீர்கள். தேசிய நிலச் சட்டத்தின்படி, தனியாகக் கொடுத்துவிடப்படாத கனிமமும் கல், மண், மணல் வகைகளும் எந்த நிலத்தில் இருந்தாலும் மாநில அரசுக்குச் சொந்தம். இதை 40ஆவது பிரிவு சொல்கிறது. 45ஆவது பிரிவு உங்களுக்கு ஒரு சலுகை தருகிறது: கல்லையோ மண்ணையோ தோண்டி, அந்த நிலத்தின் எல்லைக்குள்ளேயே உங்கள் தேவைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். எல்லைக் கல்லைத் தாண்டி ஒரு லோரி வெளியே போவதென்றால் மாவட்ட நில அலுவலகம் தரும் ‘போராங் 4சி’ பெர்மிட் வேண்டும், மாநில அரசுக்கு ரோயல்டியும் கட்ட வேண்டும். பெர்மிட் இல்லாமல் எடுப்பது 426ஆவது பிரிவின்படி குற்றம். அபராதம் மட்டுமல்ல, சிறைத் தண்டனையும் உண்டு. லோரி பிடிபடும் நாளில் புரோக்கர் அங்கே இருக்க மாட்டார், நிலத்துக்காரர் யார் என்றுதான் முதலில் தேடுவார்கள்.

கிராண்டில் நிலத்தின் வகை ‘பெர்தானியான்’, அதாவது விவசாயம் என்று இருக்கும். ரப்பர் என்றே நிபந்தனை எழுதியிருக்கவும் கூடும். அந்த நிலத்தைக் கல் உடைக்கும் இடமாக மாற்றினால் அது நிபந்தனை மீறல். நில அலுவலகம் அபராதம் போடலாம், பழையபடி சீர் செய்யச் சொல்லலாம், கடைசியில் நிலத்தையே பறிமுதல் செய்யவும் சட்டம் இடம் தருகிறது. அப்பா பால் வெட்டிச் சேர்த்த காசில் வாங்கிய நிலம் லோரிக்கு எட்டு ரிங்கிட்டுக்காகக் கை நழுவக் கூடாது.

உங்கள் கையில் உண்மையாக இருப்பது உங்கள் சம்மதம் ஒன்றுதான். வேறு யார் பெர்மிட் கேட்டு வந்தாலும் நிலத்துக்காரரின் சம்மதம் இல்லாமல் உள்ளே வருவது கடினம். புரோக்கர் கேட்கும் பவர் ஆஃப் அட்டர்னி அதைத்தான் மொத்தமாக வாங்கிக்கொள்கிறது. 1949ஆம் ஆண்டு பவர் ஆஃப் அட்டர்னி சட்டத்தின் கீழ், பிரதிபலன் (பதிலுக்குத் தரும் பணம் போன்றது) பெற்றுக்கொண்டு, ரத்து செய்ய முடியாதது என்று எழுதிக் கொடுத்த அதிகாரத்தை நீங்கள் நினைத்தபோது திரும்பப் பெற முடியாது. 15,000 முன்பணம் அந்தப் பிரதிபலனாகிவிடும்.

கல் ஒரு வழி, ஈயம் வேறு வழி

புரோக்கர் இரண்டையும் ஒரே பேச்சில் குழப்பியிருக்கிறார். கல், ஜல்லி, மணல், செம்மண் எல்லாம் நிலச் சட்டத்தின் கீழ் நில அலுவலகத்துக்குப் போகும். ஈயம், தங்கம், இரும்பு, பாக்சைட், ரேர் எர்த் போன்றவை மாநிலக் கனிமச் சட்டத்தின் கீழ் வரும். பேராக்கில் அது 2003ஆம் ஆண்டுச் சட்டம். ஈயத்தைத் தேடிப் பார்க்கவே ‘மென்சாரி காலி’ உரிமமோ அதைவிடப் பெரிய ‘பெஞ்சலாஜாஹான்’ உரிமமோ வேண்டும். தோண்டி எடுக்க ‘பஜாக்கான் மெலொம்போங்’ என்ற சுரங்கக் குத்தகையோ, தனியார் நிலமென்றால் அதற்கென உள்ள சுரங்க உரிமமோ வேண்டும். ஆக 4சி பெர்மிட்டை வைத்து ஈயம் எடுக்க முடியாது, சுரங்க உரிமத்தை வைத்து ஜல்லி விற்க முடியாது.

ஜே.எம்.ஜி. எனப்படும் கனிமவள, புவி அறிவியல் துறை பெர்மிட் கொடுக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அது கொடுப்பதில்லை. நிலமும் சுரங்க உரிமமும் மாநிலத்தின் கையில் இருப்பவை. ஜே.எம்.ஜி. மத்திய அரசின் துறை. நிலவியல் ஆய்வுத் துறையையும் சுரங்கத் துறையையும் இணைத்து 1999இல் உருவாக்கினார்கள். 1994ஆம் ஆண்டுக் கனிம மேம்பாட்டுச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவதும், குவாரியின் வேலைத் திட்டமான ‘ஸ்கிம் குவாரி’யைச் சரிபார்ப்பதும், வெடி வைக்கும் முறையைக் கண்காணிப்பதும் அதன் வேலை. வெடிமருந்து உரிமம் 1957ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின் கீழ் போலீஸ் வழியாக வரும். திட்டமிடல் அனுமதி நகராண்மைக் கழகத்திடம். உங்கள் ஊருக்கு அது கோலகங்சார் நகராண்மைக் கழகம். சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கை தேவைப்படும் திட்டமானால் 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஏ பிரிவின்படி சுற்றுச்சூழல் துறையின் ஒப்புதலும் வேண்டும். இத்தனை வாசல் உள்ள வேலைக்கு ஒரே ஆள், ஒரே பேப்பர், 6,500 ரிங்கிட் என்று சொன்னால் சந்தேகப்படத்தான் வேண்டும். அந்தத் தொகையில் யாருக்காவது ‘கோப்பி காசு’ இருப்பதாக அவர் சாடையாகச் சொல்லியிருந்தால் இன்னும் கவனம் தேவை. லஞ்சம் வாங்குவதைப் போலவே கொடுப்பதும் 2009ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் கீழ் குற்றம்.

அரசாங்கம் தேடித் தருமா?

‘கனிமம் தேட அரசாங்கமே பணம் தரும்’ என்பது அரைகுறை உண்மை. மத்திய அரசு கனிமத் தொழிலை வளர்க்க 2021 முதல் 2030 வரைக்கான உருமாற்றத் திட்டம் வைத்திருக்கிறது. ஆனால் உங்களைப் போன்ற நிலத்துக்காரருக்கு அரசின் ஆதரவு தகவலாக வரும், ரொக்கமாக வராது. ஜே.எம்.ஜி. நிலவியல் வரைபடங்களும் கனிமவள அறிக்கைகளும் வெளியிடுகிறது, அவற்றைப் பொதுமக்கள் வாங்கலாம். ஈப்போவில் உள்ள அதன் ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திக் கல்லையும் மணலையும் சோதிக்கலாம். வரிச் சலுகையும் உண்டு. 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் நான்காவது அட்டவணை, கனிமம் தேடச் செலவழித்ததை வருமானத்திலிருந்து கழிக்க இடம் தருகிறது. ஆனால் அது கைக்காசைப் போட்டுத் தேடுகிற, கழிக்க வருமானமும் உள்ள கம்பெனிக்குத்தான் உதவும்.

கறுப்பு மணலைப் பற்றி. கிந்தா பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் ஈயத்தால் வாழ்ந்த நாடு, உங்கள் ஓடையில் கொஞ்சம் ஈயக் கல் இருக்கவே முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஓடையில் கறுப்பாகத் தெரிவதில் பெரும்பகுதி இல்மனைட், டூர்மலின், மேக்னடைட் போன்ற வேறு கனிமங்களாக இருக்கும். முதலில் ஒரு காந்தத்தைக் காட்டிப் பாருங்கள், ஒட்டுவது மேக்னடைட். ஈயக் கல் கையில் வழக்கத்துக்கு மாறாகக் கனக்கும். அதன் ஒப்படர்த்தி (அதே அளவு நீரைவிட எத்தனை மடங்கு எடை என்பது) ஏறக்குறைய 7, இல்மனைட்டுக்கு 4.7தான். ஆய்வகத்தில் துத்தநாகத் துண்டின்மேல் மணியை வைத்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடுவார்கள். ஈயக் கல்லானால் மேலே சாம்பல் நிறப் பூச்சு படியும். இந்தச் சோதனையை வீட்டில் செய்ய வேண்டாம், அமிலம் கண்ணில் பட்டால் ஆபத்து. ஒரு கிலோ மணலை ஆய்வகத்தில் கொடுங்கள். மணலை மூட்டை மூட்டையாக வீட்டில் சேர்க்கவும் வேண்டாம். பழைய ஈயச் சுரங்க மணலான ‘அமாங்’கில் மோனசைட் என்ற கனிமம் இருக்கலாம். அதில் தோரியம் உண்டு, தோரியம் கதிரியக்கப் பொருள். அதைக் கையாள 1984ஆம் ஆண்டு அணுசக்தி உரிமச் சட்டம் தனியாக இருக்கிறது.

ரேர் எர்த்தைக் கண்ணால் பார்த்துச் சொல்கிறவர் யாரானாலும் நம்பாதீர்கள். இங்கே பேசப்படும் வகை கருங்கல் மக்கி உண்டான களிமண்ணில் ஒட்டியிருப்பது. துளையிட்டு மண் எடுத்து ஆய்வகத்தில் அளந்தால்தான் தெரியும். அளவையும் பாருங்கள்: ஹுலு பேராக், கெனெரிங்கில் தொடங்கிய முன்னோடித் திட்டம் 2,000 ஹெக்டருக்கு மேற்பட்டது, உங்கள் நிலம் 1.2 ஹெக்டர். தேடும் உரிமங்களும் பொதுவாகப் பெரும் பரப்புகளுக்கே தரப்படுபவை. பதப்படுத்தாத ரேர் எர்த் ஏற்றுமதிக்கு 2024 ஜனவரி 1 முதல் தடையும் இருக்கிறது.

அவர் குறிப்பிட்ட ‘ஜியாலஜிஸ்ட்’ யார் என்று கேளுங்கள். 2008ஆம் ஆண்டு நிலவியலாளர் சட்டத்தின் கீழ் வாரியத்தில் பதிந்தவராக இருக்க வேண்டும். பெயரையும் பதிவு எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

லோரிக்கு எட்டு ரிங்கிட் என்றால் எவ்வளவு?

மூன்று ஏக்கரில் வெடி வைத்துக் கல் எடுக்கும் குவாரி நடத்த முடியாது. படிப்படியாக வெட்ட இடம், கிரஷர், ஜல்லிக் குவியல், லோரிப் பாதை, சேற்று நீர் தேங்கும் குட்டை, எல்லையில் விடவேண்டிய இடைவெளி, இத்தனையும் 1.2 ஹெக்டரில் அடங்காது. எனவே புரோக்கருக்கு உண்மையில் வேண்டியது மேடு போட உதவும் செம்மண்ணாக இருக்கலாம், பின்னாலிருக்கும் வேறு நிலத்துக்குப் போகும் பாதையாக இருக்கலாம். அல்லது உங்கள் 6,500 மட்டுமே குறியாக இருக்கலாம்.

செம்மண் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு ஹெக்டரை மூன்று மீட்டர் ஆழம் தோண்டினால் 30,000 கன மீட்டர். தோண்டிய மண் கால் பங்கு உப்பும், ஆக 37,500. லோரிக்குப் பத்து கன மீட்டர் என்றால் 3,750 லோரி. எட்டு ரிங்கிட் வீதம் மொத்தம் 30,000 ரிங்கிட், மூவருக்கும் பிரித்தால் தலைக்குப் பத்தாயிரம். அதுவும் லோரியை ஒழுங்காக எண்ணினால்தான். எடை போட்ட சீட்டு இல்லாத இடத்தில் நூறு லோரி போனால் அறுபதுதான் கணக்கில் வரும். பிறகு உங்களுக்கு மிஞ்சுவது மேல்மண் போய், மழைக்குத் தண்ணீர் தேங்கும் மூன்று மீட்டர் பள்ளம். அதில் மரம் வராது, பிள்ளைகள் விழும் ஆபத்து உண்டு, மூடும் செலவு வாங்கிய காசைத் தாண்டும்.

குவாந்தானில் இதைத்தான் நாடு பார்த்தது. பாக்சைட் (அலுமினியத் தாது) தோண்டும் வேகத்தில் புக்கிட் கோ பகுதியில் செம்பனை நிலங்கள்கூடத் தோண்டக் கொடுக்கப்பட்டன. சிவப்புத் தூசும் சேறும் தாங்காமல் 2016 ஜனவரியில் அரசு தோண்டும் வேலையை நிறுத்தி வைத்தது. 2019 மார்ச் இறுதிவரை அந்தத் தடை நீடித்தது.

தங்கைக்கும் பங்கு உண்டு

“தங்கைக்குச் சீர் செய்து கட்டிக் கொடுத்தாயிற்று, அவளைக் கேட்க வேண்டியதில்லை” என்ற வரி உங்கள் கடிதத்தில் இருக்கிறது. குடும்ப வழக்கம் அப்படியிருக்கலாம், சட்டம் அப்படியில்லை. உயில் இல்லாமல் இறந்த முஸ்லிம் அல்லாதவரின் சொத்துக்கு 1958ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டம் பொருந்தும். அதில் மகன், மகள் வேறுபாடு இல்லை. அப்பாவின் பங்கும் பிறகு அம்மாவுக்கு வந்த பங்கும் சேர்ந்து உங்கள் மூவருக்கும் சம மூன்றில் ஒன்று. சீர் அந்தப் பங்கை அழிக்காது.

அதைவிட அடிப்படையான சிக்கல், கிராண்டு அப்பா பெயரில் இருக்கும்வரை நீங்கள் நிலத்தின் பதிவு பெற்ற உரிமையாளர் இல்லை. நீங்கள் தரும் சம்மதமோ பவர் ஆஃப் அட்டர்னியோ செல்லாது. புரோக்கர் இதைக் கவனிக்கவில்லையா, கவனித்தும் பேசாமல் இருக்கிறாரா என்பதே அவரைப் பற்றி நிறையச் சொல்லும். முதல் வேலையாக, 1955ஆம் ஆண்டுச் சிறு சொத்துப் பகிர்வுச் சட்டத்தின் கீழ் ‘புசாக்கா கெச்சில்’ பிரிவில் மனு கொடுங்கள். ‘போராங் ஏ’, இருவரின் இறப்புச் சான்று, கிராண்டு நகல், அண்மையில் எடுத்த அதிகாரபூர்வத் தேடல் (நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று நில அலுவலகம் தரும் சான்று), நில வரி ரசீது, மூவரின் பிறப்புச் சான்றும் ஐ.சி.யும் வேண்டும். விசாரணை நாளில் மூவரும் வர வேண்டும். வர முடியாதவர் முறைப்படி எழுத்தில் சம்மதம் அனுப்ப வேண்டும். இதற்கு வக்கீல் கட்டாயமில்லை.

பெயர் மாறிய பிறகு, பதிவு பெற்ற நல்ல கம்பெனி ஒன்று உண்மையிலேயே வந்தால் பேசலாம். அப்போதும் பெர்மிட் விண்ணப்பம் அவர்கள் பெயரிலும் அவர்கள் செலவிலும் இருக்கட்டும். மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை நில அலுவலகத்தில் பதியப்பட வேண்டும். பணம் எடைச் சீட்டுக் கணக்கில் வரட்டும். பள்ளத்தை மூடி மேல்மண் பரப்புவதற்கான வைப்புத்தொகை முன்கூட்டியே ஒரு வக்கீலின் கணக்கில் இருக்கட்டும். இந்தக் கடைசி நிபந்தனைக்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் பேசிப் பயனில்லை.

பக்கத்துக் குவாரியும் சுவர் விரிசலும்

இதையும் உங்கள் நில விஷயத்தையும் முடிச்சுப் போடாதீர்கள். புகார் செய்தவருக்குப் பெர்மிட் கிடையாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அரசு லைசன்ஸ் பெற்ற குவாரி என்றால் கேட்க முடியாது என்பதும் தவறு, லைசன்ஸ் நிபந்தனைகளோடுதான் வருகிறது. குடியிருப்பருகே நில அதிர்வுக்கு ஜே.எம்.ஜி. பொதுவாக வைக்கும் வரம்பு நொடிக்கு 5 மில்லிமீட்டர், காற்றதிர்வுக்கு 125 டெசிபல். வெடிக்கும் நேரம், ஒரே நொடித்துளியில் வெடிக்கும் மருந்தின் எடை, துளையின் வாயை அடைக்கும் ஜல்லியின் அளவு எல்லாம் திட்டத்தில் இருக்கும். அடைப்பு குறைந்தாலோ பாறையில் மண் இடுக்கு இருந்தாலோ கல் பறக்கும். 2013இல் ஜொகூர் ஸ்ரீ ஆலமில் குவாரியிலிருந்து பறந்த கற்கள் தொழிற்பேட்டையில் விழுந்து ஓர் உயிர் போனது.

அதே சமயம், விரிசல் எல்லாம் வெடியால்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மனிதர் நொடிக்கு 1 மில்லிமீட்டர் அதிர்வையே நன்றாக உணர்வார். ஜன்னல் கடகடப்பது பெரும்பாலும் காற்றதிர்வால். பழைய தோட்டத்து வீடுகளில் ஈரக் களிமண் சுருங்கி விரிவதாலும் அடித்தளம் இறங்குவதாலும் படிக்கட்டு போல விரிசல் வரும். எது காரணம் என்று நிரூபிக்க ஆதாரம் வேண்டும். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் தேதியிட்டுக் கோடு போடுங்கள். அடிக்கோல் வைத்துப் படம் எடுங்கள். ஒவ்வொரு வெடிக்கும் தேதியும் மணியும் குறியுங்கள். பிறகு ஈப்போ ஜே.எம்.ஜி. அலுவலகத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து, அந்த நாட்களின் வெடிப் பதிவைச் சரிபார்க்கவும், அடுத்த வெடிக்கு உங்கள் வீட்டில் அதிர்வுமானி வைக்கவும் கேளுங்கள். தூசுக்கும் சத்தத்துக்கும் சுற்றுச்சூழல் துறையின் 1-800-88-2727 எண் இருக்கிறது. அண்டை வீட்டார் ஐந்தாறு பேர் சேர்ந்து கையெழுத்திட்டால் கடிதத்துக்கு வலு கூடும். இழப்பீட்டு வழக்குக்குக் காலவரம்பு ஆறு ஆண்டு. 5,000 ரிங்கிட்டுக்குள் என்றால் வக்கீல் இல்லாமலே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு உரிமைக் கோரலில் போடலாம்.

கடைசியாக, புரோக்கரிடம் போன நகல்கள். எதற்கும் சம்மதிக்கவில்லை, யாருக்கும் அதிகாரம் தரவில்லை, நகல்களைத் திருப்பித் தருக என்று அவருக்கு ஏ.ஆர். (பெற்றுக்கொண்டதற்குச் சீட்டு வரும்) பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அந்தக் கடிதத்தோடு சுங்கை சிப்புட் போலீஸ் நிலையத்தில் ஒரு ரிப்போர்ட் செய்துவையுங்கள். சொத்துப் பகிர்வு முடியும்வரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நில அலுவலகத்தில் ஒரு தேடல் எடுத்துப் பாருங்கள். இனி ஐ.சி. நகல் யாருக்குக் கொடுத்தாலும், எதற்காக என்பதை அதன் குறுக்கே எழுதிவிட்டுக் கொடுங்கள்.